துவக்குப் பெட்டிக்குள் தாலிக்கொடி

என் பிஸ்டலைப் பற்றி எங்கள் ஆட்களிடம் நான் அதிகம் பேசியதில்லை. பேசினால் இரண்டு விதமான பார்வைதான் கிடைக்கும். ஒன்று, இவருக்கு என்ன விசரோ என்ற பார்வை. மற்றது குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணை, அந்தக் காலத்திலை நீங்கள்..." என்று இழுக்கிற பார்வை. இல்லை. அந்தக் காலத்தில் நான் ஒன்றுமே செய்யவில்லை. சைக்கிளில் வேலைக்குப் போனேன், சைக்கிளில் வீட்டுக்கு வந்தேன், பிறகு ஒரு நாள் நாட்டை விட்டு ஓடினேன். துவக்கின் வாயைப் பல தரம் பார்த்திருக்கிறேன். அதன் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று பார்த்தது ஐம்பது வயது தாண்டிய பிறகு, ஜெர்மனியின் பீலெஃபெல்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

நான் இரும்பு கடையும் ஆலை ஒன்றில் வேலை செய்கிறேன். பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் ஜெர்மன்காரர் பதினெட்டு வருடமாக என் தோழர். ஒரு நாளைக்குப் பத்து வசனத்துக்கு மேல் பேசமாட்டார். அவர் தன் ஊர்த் துப்பாக்கிச் சுடும் கழகத்தின் செயலாளர் என்பதே, கழகம் ஊராருக்குக் கதவு திறந்து வைக்கும் நாளுக்கு என்னைக் கூப்பிட்டபோதுதான் எனக்குத் தெரியும். "சும்மா வா. ஒரு சொசேஜ் சாப்பிட்டுவிட்டுப் போ" என்றார். சொசேஜ் சாப்பிட்டேன். காற்றுத் துப்பாக்கி ஒன்றைக் கையில் தந்தார். ஐந்து தரம் சுட்டேன். நாலு, கடதாசியின் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. அவர் அந்தக் கடதாசியைக் கழற்றி, நாலாக மடித்து, என் சட்டைப் பையில் வைத்தார்.

இந்த நாட்டில் ஆசைப்பட்டவுடன் துவக்கு வாங்கிவிட ஏலாது. ஒரு வருடம் கழகத்தின் துவக்கால் மட்டும் சுட வேண்டும். ஒவ்வொரு முறையும் கொப்பியில் முத்திரை. பிறகு சட்டமும் பாதுகாப்பும் பற்றிப் பரீட்சை. பிறகு அன்ட்ராக் என்ற விண்ணப்பம் எழுத வேண்டும், அதோடு இன்ன விளையாட்டுக்கு இன்ன துவக்கு இவருக்குத் தேவை என்ற கடிதம். அதற்குப் பிறகு காவல்துறை உங்கள் பழைய வரலாறு முழுவதையும் தோண்டும். என் வரலாற்றைத் தோண்டுகிறவர்களை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. அது பெரிய கோப்பு.

முதன்முதலில் உண்மையான ரவை, அதாவது தோட்டா, போட்டுச் சுட்டது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. கழகத்தின் சுடுகூடம் நிலத்துக்குக் கீழே இருக்கிறது. நீளமான அறை, ஐந்து நிற்குமிடம், இருபத்தைந்து மீற்றர் தூரத்தில் கடதாசிக் குறி. காது மூடியைப் போட்டிருந்தும், பக்கத்தில் ஒருவர் சுட்ட முதல் சத்தத்துக்கு நான் குனிந்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்குக் கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் பாண் போடும் வெதுப்பகம் நடத்தி ஓய்ந்த ஒரு பெண்மணி. அவர் எல்லோரையும் சுடுவதை நிறுத்தச் சொன்னார். எனக்கு ஒரு கதிரை போட்டார்.

கதிரையில் இருந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது ஒரு விரல்நகம். இருபது வயதில் ஒரு சோதனைச் சாவடியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது, துவக்கின் விசையில் வைத்திருந்த ஆமிக்காரனின் விரல். நகத்தைக் கடித்துக் கடித்துச் சதை தெரிந்தது. அவனுக்கும் என் வயதுதான் இருக்கும். அந்த விரலைப் பற்றி ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். பத்து நிமிடம் கழித்து எழுந்து, நிற்குமிடத்துக்குப் போய், ஐந்து ரவையும் சுட்டேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை எனக்கு வேறு சோலி இல்லை.

ஏன் பிடித்தது என்று கேட்டால், அங்கே ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. குழல் எப்போதும் குறியின் பக்கம். சொல்லும் வரை விரல் விசைக்கு வெளியே. ஒருவர் நிறுத்து என்றால் எல்லோரும் நிறுத்த வேண்டும். துவக்கு என்றால் ஒழுங்கு கெட்டுப்போவது என்றுதான் அதுவரை நான் அறிந்திருந்தேன்.

கடைசியில் அனுமதி அட்டை வந்தது. பச்சை நிறத் தாள். அதோடு வந்த கடிதத்தில், நான் நம்பத்தகுந்தவன் என்று ஆராய்ந்து கண்டதாக ஒரு வரி இருந்தது. எல்லோருக்கும் எழுதுகிற வரிதான். நான் அதைச் சமையலறையில் நின்று மூன்று தரம் வாசித்தேன். காரணம் இருக்கிறது.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதிகள் விடுதியில் இருந்த ஒரு நல்ல மனிதர் எனக்கு ஒரு கதை எழுதித் தந்தார். அப்போது அது வழக்கம். முன்னால் வந்தவர்கள் பின்னால் வந்தவர்களுக்குக் கேஸ் எழுதிக் கொடுப்பார்கள். என் சொந்தக் கதை போதாது என்பது அவருடைய அபிப்பிராயம். "தம்பி, விரல்நகத்தைச் சொன்னால் ஆர் விசா தருவான்? நல்லா ரண்டு அடி வாங்கினதாச் சொல்லும்" என்றார். நானும் பாடமாக்கினேன். விசாரணையில் திகதி பிசகியது, இடம் பிசகியது. வாங்காத அடி இடது காலில் பட்டதா வலது காலில் பட்டதா என்பதையும் மறந்துவிட்டேன். முடிவு வந்தது: விண்ணப்பதாரியின் வார்த்தை நம்பத்தகுந்ததல்ல. அதற்குப் பிறகு வருடக்கணக்காக, இப்போதைக்குத் திருப்பி அனுப்பவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு தாளோடு இருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அலுவலகத்தில் டெர்மின் என்ற சந்திப்பு, ஒவ்வொரு டெர்மினிலும் அந்தக் கோப்பு எண்ணைச் சொல்ல வேண்டும். கலியாணம் கட்டி மனைவி வந்து சேர்ந்தபோது அவளையும் அதே எண்ணின் கீழ்தான் சேர்த்தார்கள். பிள்ளைகள் பிறந்து, வேலை நிரந்தரமாகி, எங்கள் மேல் இரக்கப்பட்ட ஒரு சட்டம் வந்து, பிரசாவுரிமையும் கிடைத்துவிட்டது. ஆனாலும் பொய்யன் என்று எழுதிய அந்தத் தாள் எங்கேயோ ஒரு அலுமாரியில் இருக்கிறது. அதற்குப் பதிலாகத்தான் இந்தப் பச்சைத் தாளை நினைத்துக்கொண்டேன். சின்னப்பிள்ளைத்தனம்தான்.

எந்தப் பிஸ்டல் வாங்குவது என்பதில் கழகத்தில் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். எனக்கு மணிக்கட்டில் நோ. இரும்போடு இருபது வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டினால் வரத்தான் செய்யும். பெரிய ரவை உதைத்தால் மூன்று நாளைக்குக் கரண்டி பிடிக்க முடியாது. சின்ன ரவையோ எனக்குச் சலித்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருந்தது: சின்ன ரவையின் நீளமான அண்ணன், மேக்னம் என்று சொல்வார்கள். பறக்கும் சன்னம் அதே பருமன், வெடிமருந்து அதிகம். உதைப்பு குறைவு, சத்தமோ சொல்லி வேலை இல்லை. அதைச் சுடும் பிஸ்டல் ஒன்றைப் பார்த்தேன். முக்கால்வாசி பிளாஸ்டிக், கையில் எடுத்தால் பாரமே இல்லை. அது பிறந்த நாட்டில் அதன் ரவைக்கூட்டில் முப்பது போடலாம். இங்கே பிஸ்டலின் கூட்டுக்கு இருபதுக்கு மேல் தடை. அதனால் அடியில் ஒரு கட்டை வைத்து இருபதோடு நிறுத்தி விற்கிறார்கள். எங்கள் சுடுகூடத்திலோ ஒரு தடவைக்கு ஐந்துதான் போட விடுவார்கள். முப்பது கொள்ளும் துவக்கை இருபதாக்கி அதில் ஐந்து போட்டுச் சுடுகிற ஆள் நான். தோழர் அதைக் கேட்டு அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தார்.

ரவை நிரப்புவதுதான் அதில் உள்ள வித்தை. இந்த ரவையின் அடியில் சுற்றிவர ஒரு விளிம்பு உண்டு. துவக்கு அடிப்பதும் அந்த விளிம்பில்தான். கூட்டுக்குள் அடுக்கும்போது மேலே உள்ளதன் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் இரண்டும் கொளுவிக்கொண்டு, நடுவழியில் துவக்கு நின்றுவிடும். ஒவ்வொன்றாகப் பெருவிரலால் அமத்தி, சற்றுப் பின்னால் தள்ளி, இரண்டு மூன்று போட்டவுடன் கூட்டின் முதுகை உள்ளங்கையில் தட்டி நேராக்க வேண்டும். அவசரக்காரருக்கு அது சரிவராது. மனைவி புட்டு அவிக்க நீத்துப்பெட்டியில் மாவையும் தேங்காய்ப்பூவையும் மாறி மாறிப் போடும்போது இருக்கும் முகம்தான் எனக்கும் அப்போது இருந்திருக்கும்.

சுடும்போது இன்னொரு கூத்து. அந்த ரவை நீளக் குழலுக்காகச் செய்தது. இந்தக் குட்டிக் குழலுக்குள் மருந்து எரிந்து முடியாமல், மிச்சம் வெளியே வந்து எரியும். ஒவ்வொரு வெடிக்கும் குழல் வாயில் ஒரு கைப்பிடி நெருப்பு. பக்கத்தில் நிற்பவர்கள் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். கையில் ஒரு தட்டுத் தட்டியது போல மட்டும்தான் இருக்கும். வெதுப்பகப் பெண்மணி, "சிகரெட் பற்றவைக்க யாருக்காவது நெருப்பு வேண்டுமா, இவரிடம் கேளுங்கள்" என்பார். எனக்கு அந்தச் சத்தம் பிடித்தது. அதை உண்டாக்குகிறவன் நான், நிறுத்துகிறவனும் நான். ஐந்து வெடி, பிறகு கூட்டைக் கழற்றி, குழலின் ரவை அறை வெறுமை என்று காட்டி, கீழே வைத்துவிட்டு ஓர் அடி பின்னால் எடுப்பேன். அந்த அடி பின்னால் எடுக்கும் கணத்தில் எனக்கு இருந்த நிம்மதி கோவிலில்கூட வந்ததில்லை.

வீட்டில் கதை வேறு. துவக்கு வருகிறது என்றவுடன் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள்.

"துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். இப்ப நீங்கள் அதைக் கைபிடிச்சு வீட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு வாறியள்."

"இது விளையாட்டுக்கு."

"அங்கையும் உப்பிடித்தானே தொடங்கினது. எனக்குத் தெரியாது. சாமித்தட்டுப் பக்கம் வைக்கேலாது, பிள்ளையளின்ரை அறைப் பக்கமும் வைக்கேலாது."

பிள்ளைகள் இருவரும் வளர்ந்து வேறு ஊரில் வேலை செய்கிறார்கள். ஆனாலும் அந்த அறைகள் பிள்ளைகளின் அறைகள்தான். ஆகவே இரும்புப் பெட்டி கீழே நிலவறைக்கு, கெல்லருக்குப் போனது. சட்டம் சொல்லும் தரத்தில் ஒரு பெட்டி, கழகத்தார் நாலு பேர் மூச்சுவாங்கத் தூக்கி இறக்கி, சுவரோடு போல்ட் போட்டு இறுக்கினார்கள். சாவித் திறப்பு இல்லை, ஆறு எண் அமத்தினால் திறக்கும். யாருக்கும் தெரியாத, எனக்கு மறக்க முடியாத எண் வேண்டும் என்று யோசித்து, அந்தப் பழைய கோப்பு எண்ணின் கடைசி ஆறையும் போட்டேன். அதைச் சொல்லிச் சொல்லி வருடக்கணக்காக வரிசையில் நின்றவன், சாகும்வரை மறக்கமாட்டேன்.

அடுத்த வருடம் எங்கள் ஆட்களின் வீடுகளில் வரிசையாகக் களவு போனது. தமிழன் வீடு என்றால் நகை இருக்கும் என்று கள்ளருக்குத் தெரிந்துவிட்டது. யார் வீட்டில் அரிசிப் பீப்பாவுக்குள் இருந்து எடுத்தார்கள், யார் வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்து எடுத்தார்கள் என்று கலியாண வீடுகளில் அதே கதை. ஒரு நாள் மனைவி தேத்தண்ணி தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். அப்படி இருந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"உங்கட உந்தப் பெட்டி எவ்வளவு பாரம்?"

"நாலு பேர் தூக்கினவை."

"அப்ப களவெடுத்துக்கொண்டு போகேலாது, என்ன?"

அன்றைக்குப் பின்னேரமே, விசேஷங்களுக்கு மட்டும் போடும் தாலிக்கொடி, பதக்கம் சங்கிலி, காப்புகள், மகளுக்கென்று சேர்த்த நகைகள் எல்லாம் கெல்லருக்கு இறங்கின. மேல்தட்டு அவளுடையது, கீழ்த்தட்டில் பிஸ்டலும் ரவையும். அவள் துவக்கைத் தொட்டதில்லை. தொடாதபடி அதன்மேல் ஒரு பழைய துவாயைப் போட்டு மூடிவைத்தாள். ஆனால் ஆயுதபூசை வந்தபோது தையல் மெசினுக்கும் என் காருக்கும் பொட்டு வைத்த கையோடு கெல்லருக்கு இறங்கி, பெட்டிக் கதவிலும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு வந்தாள். நான் சிரித்தேன். "ஆயுதபூசைக்கு உதைவிட வேற என்ன ஆயுதம் எங்கட வீட்டிலை கிடக்கு?" என்றாள்.

பெட்டிக்குள் நகை வைப்பது குற்றமில்லை. ஆனால் எண் எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும். மனைவிக்குத் தெரிந்தாலும் குற்றம்தான். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது, நான் சரியாகத்தான் விடை எழுதினேன். அதனால் கலியாணம், சாமத்தியவீடு, கோவில் திருவிழா எதுவென்றாலும் நான்தான் கெல்லருக்குப் போய்த் திறந்து, அவளை வாசலில் நிறுத்தி, நகையை எடுத்துக் கொடுப்பேன். வங்கி மானேஜர் மாதிரி இருந்தது. இது என்ன நியாயம் என்று அவள் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை. அவளை நம்பக்கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறது, அதில் நான் கையெழுத்து வைத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? துவக்குக்கு அவளைச் சம்மதிக்க வைத்ததே பெரிய பாடு.

ஒரு சனிக்கிழமை டோர்ட்மண்டில் ஒரு கலியாணம். எனக்குப் பின்னேர வேலை முறை, மாற்ற முடியவில்லை. நகையை முதலே எடுத்துக் கொடுக்க மறந்துவிட்டேன். இயந்திரத்துக்கு முன்னால் கையெல்லாம் எண்ணெயோடு நிற்கும்போது போன் அடித்தது.

"வெறுங்கழுத்தோட நான் கலியாண வீட்டுக்குப் போறதோ? கார் வாசலிலை நிக்குது. அக்காவையள் ஏறி இருக்கினம். நம்பரைச் சொல்லுங்கோ."

எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தேன். சட்டம் ஞாபகத்தில் இருந்தது. தாலிக்கொடி இல்லாமல் அவள் சபையில் போய் இருப்பதும் கண்ணுக்குத் தெரிந்தது. ஆறு எண்ணையும் சொன்னேன். மறுபக்கம் அவள் அந்த ஆறையும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள்.

"உந்த நம்பரை நானே யோசிச்சிருக்கலாம்" என்றாள். பிறகு, "சரி, வைக்கிறன்" என்றாள்.

அடுத்த நாளே எண்ணை மாற்றியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. மாற்றினால் ஏன் மாற்றினேன் என்று சொல்ல வேண்டி வரும். சொல்லாமல் மாற்றினால் அவள் ஒரு நாள் அமத்திப் பார்த்து, திறக்காமல், என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து ஒரு கிழமை விட்டேன். அது ஒரு மாதம் ஆனது, ஒரு வருடமும் ஆனது. அவள் தன்பாட்டில் திறந்தாள், எடுத்தாள், வைத்தாள். எனக்கும் கெல்லர்ப் படி ஏறி இறங்கும் வேலை மிச்சம்.

இந்த வருடம் மாசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை, வெற்றுப் போத்தல்களைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். சமையலறை மேசையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு பெண், ஒரு ஆண், கழுத்தில் அடையாள அட்டை. ஆணுக்கு முன்னால் தேத்தண்ணிக் கோப்பை, நடுவில் ஒரு தட்டு நிறைய ரோல்ஸ். துவக்கு வைத்திருப்பவர்களின் வீட்டுக்குச் சொல்லாமல் வந்து பார்க்கும் அதிகாரிகள். இப்படி வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பல வருடமாக வரவில்லை, அவ்வளவுதான். மனைவி அடுப்படியில் இருந்து சிரித்த முகத்தோடு திரும்பினாள்.

"வந்திட்டியளோ? பாவம், குளிருக்குள்ள நிண்டவை. உங்களைக் காத்து நிக்காமல் நான் பெட்டியைத் திறந்து காட்டிப்போட்டன். எல்லாம் சரியாம்."

எல்லாம் சரி என்று அவர்கள் சொல்லியிருப்பது பெட்டியின் தரத்தைப் பற்றி. நான் அந்தப் பெண் அதிகாரியைப் பார்த்தேன். அவருக்கு முன்னால் இருந்த ரோல்ஸை அவர் தொடவில்லை. அவர் என்னை மன்னிப்புக் கேட்பது போலப் பார்த்தார். ஒரு காலத்தில் காவல்துறை மணி அடித்தால் கட்டிலுக்குக் கீழே ஒளித்துக்கொண்ட என் மனைவி, இன்றைக்கு அவர்களை உள்ளே கூப்பிட்டு, இருத்தி, சாப்பிடக் கொடுத்து, கெல்லருக்கும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அதற்காகத்தானே இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தோம். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. என்மேல் வந்தது.

"எண் உங்கள் மனைவிக்கு எப்படித் தெரியும்?" என்று பெண் அதிகாரி மெதுவாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "இப்போது சொல்ல வேண்டாம். கடிதம் வரும். எழுத்தில் பதில் தாருங்கள்" என்றார். ஆண் அதிகாரி தேத்தண்ணியைக் குடித்து முடித்து நன்றி சொன்னார்.

அவர்கள் போன பிறகு நான் மனைவிக்கு விளக்கினேன். பல வருடம் முன்னால் விளக்கியிருக்க வேண்டியது. அவள் ரோல்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை? தெரிஞ்சிருந்தா நான் தொட்டிருப்பனே?"

"நீர் குறை நினைப்பீர் எண்டு."

"இப்ப நினைக்கிறன்."

அதற்குப் பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கடிதம் வந்தது. மனைவி எண்ணை அறிந்த விதத்தை இத்தனை நாளுக்குள் எழுதித் தரவும் என்று இருந்தது. ஆலையில் தோழரிடம் காட்டினேன். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வாசித்தார். "அவள் தானாகக் கண்டுபிடித்தாள் என்று எழுது. எனக்குத் தெரியாது என்று எழுது. ஒருவேளை தப்பலாம். நீ சொல்லிக் கொடுத்தாய் என்றால் அட்டை போய்விடும்" என்றார். ஒரே மூச்சில் நாலு வசனம் சொன்னார். எவ்வளவு கவலைப்பட்டார் என்று அதிலேயே தெரிந்தது.

வீட்டில் மனைவியும் அதைத்தான் சொன்னாள். கோபம் தணிந்திருந்தது.

"நான் களவாப் பாத்தனான் எண்டு எழுதுங்கோ. இல்லாட்டி நானா ஊகிச்சன் எண்டு எழுதுங்கோ. பொய்யும் இல்லையே, அந்த நம்பர் எனக்கும் பாடம்தானே. என்னட்டை என்ன லைசென்ஸ் கிடக்கு, பறிக்க?"

அவளுக்கு அந்தத் துவக்கு பிடிக்காது. ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் நான் என்ன முகத்தோடு வீட்டுக்கு வருகிறேன் என்று அவளுக்குத் தெரியும். அதைக் காப்பாற்றத்தான் தன்னைக் கள்ளியாக்கச் சொன்னாள்.

நல்ல கதைதான். திகதி பிசக இடமில்லை. எண்ணும் பொருந்தியது. முப்பது வருடத்துக்கு முன்னால் எனக்கு எழுதித் தந்த கதையைவிட நூறு மடங்கு திறம். இரண்டு நாள் அதை மனதுக்குள் ஜெர்மனில் எழுதிப் பார்த்தேன். என் மனைவி எனக்குத் தெரியாமல் என்று தொடங்கும் அந்த வசனம் அதற்கு மேல் நகரவில்லை. என் முதல் பொய் என்னை மட்டும்தான் பொய்யனாக்கியது. இது அவளை ஆக்கும். அதுவும் அரசாங்கத்தின் அலுமாரிக்குள், அவள் பெயரோடு.

பிள்ளைகளிடம் கேட்காமல் என் ஜெர்மனிலேயே எழுதினேன். பிழை இருந்திருக்கும். இன்ன நாளில் வேலையில் இருந்தேன். மனைவிக்குக் கலியாணத்துக்குத் தாலி தேவைப்பட்டது. எண்ணை நானே தொலைபேசியில் சொன்னேன். அது சட்டத்துக்கு மாறு என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது, நான் அவளுக்குச் சொல்லவில்லை. பிறகு எண்ணை மாற்றவும் இல்லை. கையெழுத்து வைத்து, தபாலில் போட்டுவிட்டுத் திரும்பும்போது எனக்குப் பயமாக இருந்தது. அட்டை போய்விடும் என்பதைவிட, இதையும் நம்பமாட்டார்களோ என்றுதான் பயந்தேன்.

மூன்று கிழமை கழித்து அந்தப் பெண் அதிகாரியே போன் எடுத்தார். அனுமதி பறிக்கப்படும் கடிதம் நாளைக்கு வரும், அதற்கு முதல் தானே சொல்ல நினைத்ததாகச் சொன்னார். சில வருடம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார். நான் ஒன்றுதான் கேட்டேன்.

"நான் எழுதியதை நீங்கள் நம்பவில்லையா?"

"அப்படியில்லை, ஐயா. நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியையும் நம்புகிறேன்" என்றார். "அதனால்தான் அட்டையை எடுக்க வேண்டியிருக்கிறது."

நன்றி சொல்லி போனை வைத்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். துக்கத்துக்கு அழுதேனா என்று தெரியவில்லை. ஒரு அரசாங்க உத்தியோகத்தர் என் வார்த்தையை முழுவதாக நம்பிவிட்டார், அதுவும் என் ஆயுளில் முதல் தரம்.

பிஸ்டல் கழகத்தின் பெயருக்கு மாறியது. தோழர் ஒரு கைப்பெட்டியோடு வந்து எடுத்துக்கொண்டு போனார். கூட்டில் ரவை இல்லை, அறை வெறுமை என்று காட்டி அவர் கையில் கொடுத்தேன், அவரும் ஒரு தரம் பார்த்தார். கண்காணிப்பில் விருந்தாளியாக யாரும் வந்து சுடலாம், செவ்வாய்க்கிழமை வா என்றார். இன்னும் போகவில்லை. பச்சைத் தாளைத் தபாலில் அனுப்பிய கவரின் பாரம் கையில் இன்னும் இருக்கிறது. போவேன். அந்த நெருப்பைப் பார்க்காமல் இருக்க முடியாது.

பிஸ்டல் போன அன்று பின்னேரம் மனைவி என்னைக் கெல்லருக்குக் கூப்பிட்டாள். பெட்டியின் கீழ்த்தட்டு வெறுமையாக இருந்தது. பழைய துவாயைத் துவைத்து மடித்து அதற்குள் வைத்திருந்தாள். எண் மாற்றும் விளக்கத் தாளை, நான் வருடக்கணக்காகத் திறக்காத அந்தப் பொடி எழுத்துத் தாளை, என்னைக் கொண்டு ஒவ்வொரு வரியாக வாசிப்பித்தாள்.

"இனி உது என்ரை பெட்டி. அங்காலை பாருங்கோ" என்றாள்.

நான் சுவரைப் பார்த்து நின்றேன். ஆறு தரம் பொத்தான் சத்தம் கேட்டது, பிறகு இன்னொரு ஆறு. கதவு பூட்டிக்கொண்டது.

"திரும்புங்கோ" என்றாள். நான் கேட்காமலே அந்த ஆறு எண்ணையும் எனக்குச் சொன்னாள். "ரண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கோணும். வீடெண்டா அப்பிடித்தான்."

அது எந்த எண் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. உள்ளே அவளுடைய தாலிக்கொடி இருக்கிறது.